அவள் எங்கள் ஸ்டாஃப் இல்லை

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. காரணம் சோம்பல் மட்டுமில்லை. எழுத ஆரம்பித்தால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது அவ்வளவு பெருமையான விஷயமில்லை.

நான் இருப்பது ராமச்சந்திராபுரத்தில். ஹைதராபாத் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோமே தவிர, சார்மினாருக்கும் எங்களுக்கும் ரொம்ப தூரம். மும்பை நெடுஞ்சாலையில் லிங்கம்பள்ளி தாண்டி, பெல் தொழிற்சாலையை ஒட்டிய பேட்டை. திருச்சியிலிருந்து பெல் மூலமாக வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. என்னைப் போல வங்கி டிரான்ஸ்ஃபரில் வந்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. பால்கனியில் நின்றால் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் ஐ.டி. கம்பெனி கேப்கள் போவது தெரியும். எதிர் அபார்ட்மெண்ட் பெண் ஒருத்தி ஏறுவாள். முன் சீட்டில் யூனிஃபார்ம் போட்ட செக்யூரிட்டி ஒருவர் தூங்கி வழிந்தபடி உட்கார்ந்திருப்பார். அவரை அங்கே உட்கார வைத்தது யார், எதனால் என்று ஒரு நாள் யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பித்தது.

பி.காம் படித்தவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் இது ஒருவகையில் கணக்கு சம்பந்தப்பட்டதுதான். ஒரு பெண் வேலை பார்க்கும் இடத்திலோ, வேலைக்குப் போகும் வழியிலோ அவளுக்கு ஏதாவது நடந்தால் அது யார் கணக்கில் எழுதப்பட வேண்டும்? முப்பது வருடமாக நம் நாட்டு நீதிமன்றங்களும் முதலாளிகளும் சண்டை போட்டது இந்த ஒரு கேள்விக்காகத்தான். முதலாளி தரப்பு பதில் எப்போதும் ஒன்றுதான். "அவள் எங்கள் ஸ்டாஃப் இல்லை." அல்லது, "நடந்தது எங்கள் ஆபீஸில் இல்லை."

முதலில் ராஜஸ்தான். அந்த மாநில அரசு 1984-இல் பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்து, 'சாத்தின்' (தோழி என்று பொருள்) என்ற பெயரில் பணியில் வைத்தார்கள். பணி என்றால் நம்மைப் போல சம்பளம், பி.எஃப். எல்லாம் கிடையாது. சொற்ப மதிப்பூதியம். ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் பட்டேரி என்ற ஊரில் 1985-இல் சாத்தினாகச் சேர்ந்தவர் பன்வாரி தேவி. குயவர் சாதி. 1992-இல் குழந்தைத் திருமணங்களைத் தடுக்கச் சொல்லி அரசு உத்தரவு. தன் ஊரில் ஒரு வயதுகூட ஆகாத பெண் குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் பார்த்தார். ஊரில் செல்வாக்குள்ள குடும்பம் அது. ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. அந்த வருடம் செப்டம்பர் 22-ஆம் தேதி, வயலில் கணவன் கண்ணெதிரிலேயே அவரைக் கூட்டு வன்புணர்வு செய்தார்கள்.

பன்வாரி தேவி அந்தக் கல்யாணத்தைத் தடுக்கப் போனது சொந்த விரோதத்தில் அல்ல. அரசு சொன்ன வேலையைச் செய்யப் போனார். ஒரு வங்கி கடன் வசூலுக்கு ஃபீல்டு ஆபீசரை அனுப்பி, அங்கே அவரை அடித்துப் போட்டால், 'அது அவருடைய சொந்தப் பிரச்சினை' என்று வங்கி சொல்ல முடியுமா? ஆனால் ராஜஸ்தானில் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டிய முதலாளி நிற்கவில்லை. 1995 நவம்பரில் கீழ் நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து அத்தனை பேரையும் விடுவித்தது. மேல் சாதிக்காரர்கள் கீழ் சாதிப் பெண்ணைத் தொடுவார்களா என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பு போனது என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

இதற்கு நடுவில் 'விசாகா' உள்ளிட்ட சில பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டது குற்றவாளிகளைத் தண்டிக்கச் சொல்லி மட்டுமில்லை. வேலை பார்க்கும் பெண்களுக்குப் பாதுகாப்பு தர முதலாளியைக் கட்டுப்படுத்தும் சட்டம் நாட்டிலேயே இல்லையே, என்ன செய்வது என்பது கேள்வி. 1997 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் சுஜாதா மனோகர், பி.என்.கிர்பால் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பு சொன்னது. சட்டம் வரும்வரை இந்த வழிகாட்டுதல்களே சட்டம். 1993-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையையும் அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் புகார்க் குழு, தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். இன்னொரு வரியும் அதில் உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. தொல்லை கொடுத்தவர் வெளியாளாக இருந்தாலும், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு உதவ வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

வேதனை என்னவென்றால் இதனால் பன்வாரி தேவிக்கு நேரடியாக எதுவும் கிடைக்கவில்லை. நாடு முழுக்க ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கிடைத்தது. நான் வேலையில் சேர்ந்தபோது (2002) எங்களுக்கு நடந்த பயிற்சியில் 'விசாகா' பற்றி ஒரு மணி நேர வகுப்பு உண்டு. வகுப்பு எடுத்தவர் பன்வாரி தேவி என்ற பெயரைச் சொல்லவே இல்லை. விசாகா என்பது அந்தப் பெண்ணின் பெயர் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லா முதலாளிகளும் கைகழுவினார்கள் என்றும் சொல்ல முடியாது. நேர்மாறான கதை ஒன்று உண்டு. டெல்லியில் ஆயத்த ஆடை ஏற்றுமதி வளர்ச்சிக் கழகம். 1988-இல் சேர்மனின் தனிச் செயலாளராக இருந்தவர், டிக்டேஷன் எடுக்க வேண்டும் என்று சொல்லி ஒரு டைப்பிஸ்ட் பெண்ணை நட்சத்திர ஓட்டலின் பிசினஸ் சென்டருக்குக் கூட்டிப்போய் அத்துமீற முயன்றார். அந்தப் பெண் புகார் கொடுத்தார். விசாகா தீர்ப்புக்கு ஒன்பது வருடம் முன்னால், எந்த வழிகாட்டுதலும் இல்லாத காலத்தில், கழகம் விசாரணை வைத்து 1989-இல் அவரை வேலையை விட்டு நீக்கியது. அவர் உயர் நீதிமன்றம் போனார். 'தொட முயன்றார், தொடவில்லை' என்பது போன்ற ஒரு தர்க்கத்தில் நீக்கம் ரத்தானது! கழகம் விடவில்லை. ஒரு கிளார்க் பெண்ணுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உடலைத் தொட்டால்தான் தொல்லை என்றில்லை என்று சொல்லி நீக்கத்தை உறுதி செய்தது. பத்து வருடம் வழக்கு நடத்திய அந்த நிர்வாகத்தில் யாரோ ஒருவர் ஃபைலில் 'மேல்முறையீடு செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார் இல்லையா? அவர் யாரென்று தெரிந்தால் ஒரு வணக்கம் போடலாம்.

இப்போது நைட் ஷிஃப்ட். 1948-ஆம் வருட தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. நல்லெண்ணம்தான். ராத்திரி ரோடு மோசம் என்றால் ரோட்டைச் சரி செய்வது ஒரு வழி. பெண்ணை வீட்டில் உட்கார வைப்பது இன்னொரு வழி. நாம் ஐம்பது வருடம் இரண்டாவதில் இருந்தோம். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் (வழக்குப் போட்டது ஒரு பெண் தொழிலாளி) அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதோடு நிற்காமல் நிபந்தனைகளும் போட்டது. போக்குவரத்து வசதி தர வேண்டும், தனியாக விடாமல் குழுவாக வேலை தர வேண்டும் என்றெல்லாம். 2002-இல் ஆந்திர உயர் நீதிமன்றமும் அதே வழியில் போனது. அதாவது, ராத்திரி வேலை பெண்ணின் உரிமை. அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய் வீட்டில் விடுவது வேலை வாங்குபவரின் கடமை. இன்று அது நாடு முழுக்க உள்ள விதி. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண்ணின் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும்தான் இரவுப் பணி என்கிறது.

ஆனால் கடமை என்று தீர்ப்பில் எழுதினால் போதுமா? கால் சென்டர்கள் ஓகோவென்று வளர்ந்த காலம். குவாலிஸும் சுமோவும் ராத்திரி ரோட்டில் பறக்கும். 2005 டிசம்பரில் பெங்களூரில், ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் வேலை பார்த்த பெண் விடியற்காலை ஷிஃப்டுக்குக் கிளம்பினார். கூட்டிப்போக வந்த டிரைவர், வழக்கமாக வருபவர் இல்லை. வேறு ஆள். அவர் வேலைக்குப் போய்ச் சேரவே இல்லை. 2007 நவம்பரில் புனேயில் கிட்டத்தட்ட அதே கதை. இரண்டு பெண்களுக்கும் இருபது சொச்சம் வயது.

பெங்களூர் வழக்கில் கொலைகாரனைத் தவிர இன்னொரு வழக்கும் நடந்தது. இரவுப் பணி செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்பு தரவில்லை என்று கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அந்த நிறுவனத்தின் தலைவர் மீதே தொழிலாளர் துறை வழக்குப் போட்டது. கார் காண்டிராக்டருடையது, டிரைவர் காண்டிராக்டரின் ஆள், என் மீது எப்படி வழக்கு என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2008 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ரத்து செய்ய முடியாது, விசாரணையைச் சந்தியுங்கள் என்றது. அந்தச் சட்டத்தில் குற்றத்துக்கான அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரம் ரூபாய்க்காக நாட்டின் விலையுயர்ந்த வக்கீல்களை வைத்து ஏன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்? பணம் இல்லை பிரச்சினை. 'ஆமாம், எங்கள் பொறுப்புதான்' என்று ஒரு தடவை ஒப்புக்கொண்டால் அது எல்லாருடைய கணக்கிலும் ஏறிவிடும்.

அதற்கப்புறம்தான் நாடு முழுக்க கேப்களில் அந்தத் தூங்கும் செக்யூரிட்டி வந்து உட்கார்ந்தார். முதலில் ஏறுபவரும் கடைசியில் இறங்குபவரும் பெண்ணாக இருக்கக் கூடாது என்ற ரோஸ்டர், டிரைவரின் பின்னணிச் சரிபார்ப்பு, ஜி.பி.எஸ். எல்லாம் வந்தன. எங்கள் எதிர் அபார்ட்மெண்ட் பெண் அந்த ஆளைப் பார்த்து, "தூங்கறதுக்குச் சம்பளம் அங்கிள்" என்று சிரிப்பாள். அவளுக்கு 2005-இல் ஒன்றோ இரண்டோ வயது இருக்கும்.

எங்கள் சைபராபாத் பக்கமும் ஒரு பாடம் படித்தது. 2013 அக்டோபரில் மாதாப்பூர் பகுதியில், வேலை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்ப கேப் என்று நினைத்து ஏறிய ஒரு சாஃப்ட்வேர் பெண் கடத்தப்பட்டார். தெலங்கானா பிறந்த கையோடு, 2014-இல் பூனம் மாலகொண்டையா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அந்த வருடம் அக்டோபர் 24-ஆம் தேதி 'ஷீ டீம்' வந்தது. மஃப்டியில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் போலீஸ். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஐ.டி. கம்பெனிகளும் சைபராபாத் போலீசும் சேர்ந்து நடத்தும் பாதுகாப்பு கவுன்சில். அதன் மூலமாக கம்பெனிகள் காசு போட்டு ஓடும் 'ஷீ ஷட்டில்' பஸ்ஸில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். எந்த கம்பெனி, ஐ.டி. கார்டு உண்டா என்றெல்லாம் இல்லை. பெண்ணாக இருந்தால் போதும். 'எங்கள் ஸ்டாஃபா' என்ற கேள்வியைக் கேட்காத ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

2013-இன் சட்டத்துக்கு வருகிறேன். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லை (தடுப்பு, தடை, தீர்வு) சட்டம். விசாகா தீர்ப்புக்குப் பதினாறு வருடம் கழித்து நிறைவேறி, 2013 டிசம்பர் 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு, மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை, இவையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது சட்டத்தின் முதல் பக்கங்களில் இருக்கும் விளக்கப் பகுதி. 'ஊழியர்' என்றால் யார்? நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, பயிற்சியில் இருப்பவர், நேரடியாகவோ ஏஜெண்ட் அல்லது காண்டிராக்டர் மூலமாகவோ வந்தவர், முதன்மை முதலாளிக்குத் தெரிந்தோ தெரியாமலோ வந்தவர், சம்பளம் வாங்குபவர், வாங்காதவர், எல்லாரும். 'பணியிடம்' என்றால்? வேலை நிமித்தம் போகும் எந்த இடமும், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் சேர்த்து. பன்வாரி தேவியின் வயலும் பெங்களூர்ப் பெண்ணின் காரும் இந்த இரண்டு வரிக்குள் வந்துவிட்டன. சட்டத்தை எழுதியவர்கள் பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, முதலாளிகள் இதுவரை தப்பித்த சந்துகளை ஒவ்வொன்றாக அடைத்தது போலிருக்கும்.

சந்து என்றதும் என் விஷயம்.

2010. வேறு ஊர், வேறு கிளை. நான் அப்போது செலவு பில்களைப் பார்க்கும் ஆபீசர். கிளையைப் பெருக்கித் துடைக்க ஏஜென்சி மூலமாக ஒரு பெண் வருவார். முப்பது வயதுக்குள். தினம் காலை நான் வரும்போது என் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மத்தியானம் தயங்கித் தயங்கி வந்து, ஏஜென்சி சூப்பர்வைசரை மாற்றச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவன் வாரம் ஒருமுறை அட்டெண்டன்ஸில் கையெழுத்து வாங்க வருவான், சாயங்காலம், கிளை காலியான பிறகு. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தெரிந்ததால்தான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. "நீங்கள் எங்கள் ஸ்டாஃப் இல்லையம்மா, ஏஜென்சியில் சொல்லுங்கள்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அடுத்த மாத பில்லில் வேறு பெயர் இருந்தது. தொகை அதேதான். சார்ஜஸ் கணக்கில் டெபிட் போட்டு பாஸ் செய்தேன். விசாகா வழிகாட்டுதல் வந்து பதிமூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் கிளை நோட்டீஸ் போர்டில் புகார்க் குழு சர்க்குலர் ஒட்டியிருந்தது, ஆங்கிலத்தில். அந்த போர்டைத் துடைத்ததும் அவர்தான்.

நான் செய்திருக்க வேண்டியது பெரிய வீரச்செயல் ஒன்றுமில்லை. ஏஜென்சிக்கு ஒரு கடிதம், இந்த ஆளை அனுப்பாதே, பகலில் வந்து கையெழுத்து வாங்கு என்று. பில்லைப் பாஸ் செய்பவன் நான். என் பேனாவுக்கு அந்த ஏஜென்சி பயப்படும். முதலாளியின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் உபதேசமோ பயிற்சி வகுப்போ இல்லை, பில்தான் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

உறைக்க வைத்தது எங்கள் மாவட்டம். நான் வத்தலக்குண்டுக்காரன். திண்டுக்கல் மாவட்டத்தில் மில்லுக்குப் போகும் பெண்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று ஓடியது நினைவிருக்கும். கல்யாணமாகாத பெண்ணை மில் ஹாஸ்டலில் வைத்து மூன்று வருடம் வேலை வாங்கி, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவது. நடுவில் கிளம்பினால் தொகை கைக்கு வருவது சந்தேகம். எவன் என்ன செய்தாலும் பொறுத்துக்கொண்டு இருக்க வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? சம்பளத்தை மாதாமாதம் முழுசாகக் கையில் கொடுப்பதும் பாதுகாப்புதான். பிடிக்கவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் இல்லையா.

2021 ஜனவரி. திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். கைதானது அவருடைய சூப்பர்வைசர். தொழிற்சாலை, திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடையது. தைத்த துணி போனது எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு பிராண்டுகளுக்கு. இங்கேயும் பழைய பதில்கள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன. கொலை நடந்தது தொழிற்சாலைக்கு வெளியே. பிராண்டைப் பொறுத்தவரை அந்தப் பெண் சப்ளையரின் ஸ்டாஃப்.

ஆனால் இந்த முறை கதை வேறு பக்கம் திரும்பியது. தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் ஒன்று (தலித் பெண்கள் தலைமையில் நடப்பது) ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் போராடியது. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும் கைகோர்த்தன. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. சங்கம் ஒரு பக்கம், ஈஸ்ட்மேன் ஒரு பக்கம், எச் அண்ட் எம் ஒரு பக்கம். பின்னால் கேப், பி.வி.எச். ஆகியவையும் சேர்ந்தன. இதற்கு முன் 2019-இல் ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்ற குட்டி நாட்டில் ஜீன்ஸ் தைக்கும் தொழிற்சாலைகளில் இப்படி ஒன்று நடந்திருந்தது. ஆசியாவில் ஆடைத் துறையில் இதுதான் முதல்.

ஒப்பந்தத்தைப் படித்தால் ஒரு வங்கிக்காரனுக்கு உடனே பிடிபடும், கடன் பத்திரம் மாதிரி எழுதியிருக்கிறார்கள். தொழிலாளிப் பெண்களுக்குள்ளிருந்தே பயிற்சி கொடுத்து தளக் கண்காணிப்பாளர்களை வைக்க வேண்டும். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவள்தான் கண்காணிப்பாளர் என்பதால், சொல்ல மாடி ஏற வேண்டாம், பயந்து நிற்க வேண்டாம். புகாரை விசாரிக்க நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத வெளியாட்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. சாதி பற்றியும் எழுதியிருக்கிறார்கள். சாதித் திமிரும் பாலியல் தொல்லையும் தனித்தனியாக வருவதில்லை என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு நிர்வாகப் பத்திரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சப்ளையர் சொன்னபடி நடக்காவிட்டால் பிராண்ட் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அதாவது, ஆர்டர். அதாவது, பில்!

வீட்டுக்குள் நடப்பதற்கு முதலாளி என்ன செய்ய முடியும் என்றும் கேட்பார்கள். அதையும் வங்கி கவுன்டரில் இருந்து கொஞ்சம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பட்டான்செரு தொழிற்பேட்டையிலிருந்து கம்பெனிகள் மொத்தமாக சம்பளக் கணக்கு ஃபாரம் அனுப்புவார்கள். பெண் ஊழியரின் ஃபாரத்தில் மொபைல் நம்பர் பல நேரம் கணவருடையது. சம்பளம் ஏறிய எஸ்.எம்.எஸ். அவருக்குப் போகும். ஏ.டி.எம். கார்டும் அவர் பையில். மாதம் முழுக்க உழைத்தவளுக்கு பஸ்ஸுக்குக்கூட அவரிடம் கேட்க வேண்டும். (2023 டிசம்பரிலிருந்து தெலங்கானாவில் அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அது ஒன்று மட்டும் தீர்ந்தது.) அடி வாங்கி வீங்கிய முகத்தோடு வந்து, "சார், கார்டை பிளாக் பண்ணி வேற தரமுடியுமா, வீட்டுக்குத் தபாலில் அனுப்பாதீங்க" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனியின் ஹெச்.ஆர். ஃபாரம் நிரப்பும்போதே, "ஈ நம்பர் மீதேனா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். நான் இப்போது கேட்கிறேன். சில பேர் சும்மா தலையாட்டுவார்கள். சில பேர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வேறு நம்பர் சொல்வார்கள்.

சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில், ஜீவனத்தொகை கொடுக்காத கணவனின் சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக மனைவிக்குக் கொடுக்கும்படி அவனுடைய முதலாளிக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். பி.காமில் நாங்கள் படித்த கார்னிஷி ஆர்டரின் தங்கச்சி இது. அந்த மாதிரி உத்தரவு வந்தால் பே ரோல் கிளார்க் 'பாவம் நம்ம ஆளு' என்று ஃபைலை அடியில் சொருகாமல் இருந்தாலே அந்தக் கம்பெனி ஒரு பெண்ணைக் காப்பாற்றியது போலத்தான். வெளிநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் 2004 சட்டப்படியும், நியூசிலாந்தில் 2019 ஏப்ரல் முதலும், வீட்டில் வன்முறைக்கு ஆளானவருக்குச் சம்பளத்துடன் பத்து நாள் தனி விடுப்பு. வீடு மாற, கோர்ட்டுக்குப் போக, பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்க.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே போனாலும், 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியை நினைத்தால் கை நின்றுவிடுகிறது. நீண்ட டூட்டிக்கு நடுவே ஒரு பெண் டாக்டர் படுக்க இடம் தேடி செமினார் ஹாலுக்குப் போனார். அங்கே கொல்லப்பட்டார். ஓய்வறை என்பது கட்டட வரைபடத்தில் ஒரு அறை. உள்தாழ்ப்பாள் என்பது கொஞ்சம் ரூபாய் சமாச்சாரம். அந்த வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் (கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில்) மாவட்ட வாரியாக எந்தெந்த நிறுவனத்தில் உள்ளகக் குழு இருக்கிறது என்று கணக்கெடுக்கச் சொன்னது. சட்டம் வந்து பதினோரு வருடம் கழித்து!

அந்த உத்தரவுக்கப்புறம் எங்கள் கிளையில் பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுத் தெலுங்கில் புதிதாக ஒன்று ஒட்டினோம். குழுத் தலைவி பெயர், போன் நம்பர், கொட்டை எழுத்தில். தெலுங்கு எழுதத் தெரியாத நான் டிக்டேட் செய்ய, கேஷியர் அம்மா டைப் அடித்தார். சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மாப் வாளியோடு வந்த ஹவுஸ்கீப்பிங் பெண் (இவரும் ஏஜென்சிதான்) நின்று முழுசாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாக்கு கூடானா சார்?" என்றார். எனக்கும் சேர்த்தா?

ஆமாம் என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த நம்பருக்குப் பேசினால் ஏஜென்சி சாருக்குத் தெரியவருமா என்று கேட்டார். தெரியவராது, ரகசியமாக வைக்க வேண்டும் என்பது சட்டம் என்று ஆரம்பித்தேன். விசாரணை என்று வந்தால் அந்த ஆளுக்குப் புகாரின் நகல் போகும் என்பதும் அதே சட்டம்தான். பாதியில் நிறுத்திவிட்டு அதையும் சொன்னேன். தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலம் ஏஜென்சிக்குக் கடிதம் டைப் செய்தேன். சூப்பர்வைசர் பகல் இரண்டிலிருந்து மூன்று மணிக்குள், ஆபீசர் முன்னிலையில்தான் அட்டெண்டன்ஸ் கையெழுத்து வாங்க வேண்டும், தவறினால் பில் பாஸ் ஆகாது என்று.